நலமாய் வாழ்வோம்: சொந்த இரத்தத்தில் இருந்து முரசுக்கு ஒரு மருந்து



"பிளேட்லெட்" என்ற சொல் எங்களில் பலருக்குப் புதியதல்ல. டெங்குக் காய்ச்சல் கண்ட பிள்ளையோடு வைத்தியசாலையில் இருந்த தாய்மாருக்கு அது நன்றாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்துப் பிளேட்லெட் எவ்வளவு இருக்கின்றது என்று பார்ப்பார்கள். குறைந்து போனால் தாயின் முகம் வாடும், ஏறத் தொடங்கினால் நிம்மதி வரும். இலங்கையில் 2017 ஆம் ஆண்டில் மட்டும் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவு செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டில் இச்சொல் எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது என்றே கூறலாம்.

பாடசாலைப் புத்தகங்களில் இதனைக் குருதிச் சிறுதட்டுக்கள் என்று படித்திருப்பீர்கள். இப்போது பல் வைத்தியர்கள் இந்தச் சிறுதட்டுக்களை நோயாளியின் சொந்த இரத்தத்தில் இருந்தே பிரித்தெடுத்து, பழுதடைந்த முரசையும் அதன் கீழுள்ள எலும்பையும் குணமாக்கப் பயன்படுத்துகின்றார்கள். சில தனியார் சிகிச்சை நிலையங்கள் இதற்குப் பெரிய விளம்பரமும் செய்கின்றன. "இரத்தத்தைச் சுற்றி எடுத்து முரசுக்குள் வைத்தால் பல் இறுகிவிடுமாம்" என்று கேள்விப்பட்டுக் கடன் வாங்கவும் யோசிக்கும் சகோதரிகள் இருக்கக்கூடும். அதனால் இம்மாதப் பக்கத்தில் இது என்ன, எவ்வாறு தயாரிக்கப்படுகின்றது, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பவற்றைப் பார்ப்போம்.

முரசு ஏன் கரைகின்றது?

முதலில் நோயை விளங்கிக் கொள்ள வேண்டும். நாம் உண்ணும் உணவின் மிச்சமும் கிருமிகளும் சேர்ந்து பல்லின் அடியில் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. ஒவ்வொரு நாளும் துலக்கினால் அது போய்விடும். துலக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாக மாறுகின்றது. காரை பிடித்த பின்னர் எவ்வளவு தேய்த்துத் துலக்கினாலும் அது போகாது. பல் வைத்தியர்தான் அதற்குரிய கருவியால் அகற்ற வேண்டும்.

காரையில் தங்கும் கிருமிகளால் முரசு சிவந்து வீங்குகின்றது. துலக்கும்போது இரத்தம் வடிகின்றது. இந்த நிலையில் சுத்தம் செய்தால் முரசு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கவனியாமல் விட்டால் முரசு பல்லை விட்டு விலகி, இடையில் ஒரு பை போன்ற பள்ளம் உண்டாகின்றது. நலமான வாயில் இந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கும். 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் நோய் உள்ளே இறங்குகின்றது என்று பொருள். 6 மில்லிமீற்றர், அதற்கும் மேல் என்று ஆழமாகும்போது பல்லைத் தாங்கும் தாடை எலும்பும் கரைந்து கொண்டிருக்கும். கடைசியில் பல் ஆடத் தொடங்கும்.

இது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கின்ற காரியம். பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலி இல்லாத காரணத்தால் யாரும் வைத்தியரிடம் போவதுமில்லை. இடம்பெயர்ந்து, பதுங்கு குழிகளிலும் முகாம்களிலும் வாழ்ந்த காலத்தில் குடிப்பதற்கே தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அந்நேரம் பற்தூரிகையை யார் நினைத்தார்கள்? அந்த வருடங்களில் தொடங்கிய முரசு நோய் சிலருக்கு இப்போதுதான் ஆடும் பல்லாக வெளியே தெரிகின்றது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லலாம்.

நீரிழிவு இருப்பவர்களுக்கு முரசு நோய் விரைவாகப் பெருகும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். புகையிலையோடு வெற்றிலை போடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது.

இரத்தத்தில் உள்ள அந்தச் சிறு பொருள்

எங்கள் இரத்தத்தில் செங்குழியங்கள், வெண்குழியங்கள், சிறுதட்டுக்கள் என்பன பிளாஸ்மா என்ற மஞ்சள் நிறத் திரவத்தில் மிதக்கின்றன. சிறுதட்டுக்களை இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ பிஸ்ஸொஸெரோ 1882 ஆம் ஆண்டில் தெளிவாக விபரித்தார். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில், அதாவது குண்டூசித் தலை அளவு துளியில், சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை இவை இருக்கும். ஒரு சிறுதட்டு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் வாழும். அதன் பின் புதியது வரும்.

கை வெட்டுப்பட்டால் இரத்தம் சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடுகின்றது அல்லவா? முதலில் ஓடிவந்து அந்த இடத்தை அடைப்பவை சிறுதட்டுக்களே. அதே நேரத்தில் பைபிரின் என்ற நார்கள் வலை போலப் பின்னி அந்த அடைப்பை இறுக்குகின்றன. இந்தளவோடு சிறுதட்டின் வேலை முடிவதில்லை. அதற்குள் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. காயம் பட்டவுடன் அவை வெளியே வருகின்றன. சுற்றியுள்ள கலங்களை அழைத்து, புதிய தசையையும் புதிய இரத்தக் குழாய்களையும் உண்டாக்கத் தூண்டுகின்றன. காயம் ஆறுவது இப்படித்தான்.

ஆகவே, காயம் உள்ள இடத்தில் சிறுதட்டுக்களையும் பைபிரின் வலையையும் அதிகமாகச் சேர்த்து வைத்தால் அந்த இடம் நன்றாக ஆறும் அல்லவா என்பதே வைத்தியர்களின் யோசனை. வெளியில் இருந்து ஒரு மருந்தும் வாங்க வேண்டியதில்லை. நோயாளியின் உடம்பில் உள்ளதையே எடுத்து, தேவையான இடத்தில் வைக்கின்றார்கள்.

இந்த முறை வந்த விதம்

அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் மார்க்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1998 ஆம் ஆண்டில், தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சையில் சிறுதட்டுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பயன்படுத்தியது பற்றி எழுதினார்கள். இம்முறையில் இரத்தம் உறையாதபடி ஒரு மருந்து சேர்க்கப்படும். பின்னர் இயந்திரத்தில் இரண்டு தடவை சுற்றப்படும். முதற் சுற்றில் செங்குழியங்கள் கீழே போய்விடும். இரண்டாவது சுற்றில் சிறுதட்டுக்கள் செறிவாகச் சேரும். கடைசியில் அதனைக் களியாக உறைய வைக்கக் கல்சியமும், மாட்டின் இரத்தத்தில் இருந்து எடுத்த துரொம்பின் என்ற பொருளும் சேர்த்தார்கள். மாட்டுத் துரொம்பினால் சிலருடைய உடலில் எதிர்ப்பு உண்டாகி, இரத்தம் உறைவதில் சிக்கல் வரலாம் என்பது அறியப்பட்டிருந்தது. அதுபற்றிய கவலையும் கூடவே இருந்தது.

பிரான்சின் நீஸ் நகர வைத்தியர் ஜோசப் சுக்ரூனும் அவருடன் இருந்தோரும் 2001 ஆம் ஆண்டில் இதனை இலகுவாக்கினார்கள். உறையாமல் தடுக்கும் மருந்தும் வேண்டாம், மாட்டுத் துரொம்பினும் வேண்டாம். எடுத்த இரத்தத்தை அப்படியே உடனே ஒரே தடவை சுற்றினால், அது தானாகவே உறைந்து வலுவான களியாகிவிடும். இதனைச் சிறுதட்டுச் செறிந்த பைபிரின் என்று சொல்லலாம். வைத்தியர்கள் ஆங்கில எழுத்துக்களில் பி.ஆர்.எப். என்று அழைப்பார்கள். முன்னையதை பி.ஆர்.பி. என்பார்கள். விளம்பரங்களில் இரண்டு பெயர்களும் வருவதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முரசுச் சிகிச்சையில் இன்று அதிகம் பேசப்படுவது பி.ஆர்.எப். ஆகும்.

எவ்வாறு தயாரிக்கின்றார்கள்?

பாலைக் காய்ச்சி ஆற வைத்தால் ஆடை மேலே வந்துவிடும். பாரம் குறைந்தது மேலே, கூடியது கீழே. இரத்தத்தை வேகமாகச் சுற்றும்போதும் இதுவே விரைவாக நடக்கின்றது.

முழங்கை மடிப்பில் உள்ள நாளத்தில் இருந்து, சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதைப் போல, இரத்தம் எடுக்கப்படும். ஒரு குழாய்க்கு 9 அல்லது 10 மில்லிலீற்றர். எத்தனை குழாய் வேண்டும் என்பது பள்ளத்தின் அளவைப் பொறுத்தது. குழாய்கள் உள்ளே மருந்து எதுவும் பூசப்படாதவையாக, இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். சில பிளாஸ்டிக் குழாய்களின் உட்சுவரில் இரத்தத்தை உறைய வைக்கச் சிலிக்கா என்ற நுண்துகள் பூசப்பட்டிருக்கும். அந்தத் துகள் களியோடு கலந்து காயத்துக்குள் போகலாம் என்பதால், பரிசோதனைக்கு வைத்திருக்கும் ஏதோ ஒரு குழாயை எடுத்துப் பாவிப்பது சரியல்ல.

இரத்தம் எடுத்தவுடன், ஓரிரு நிமிடத்துக்குள், குழாயைச் சுற்றும் இயந்திரத்தில் வைத்துவிட வேண்டும். பிந்தினால் இரத்தம் குழாயிலேயே கண்டபடி உறைந்துவிடும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் பயன் இல்லை. ஆகவே இரத்தம் எடுப்பவரும் இயந்திரத்தை இயக்குபவரும் ஒரே அறையில், கைக்குக் கை மாற்றும் தூரத்தில் இருப்பார்கள். இயந்திரம் ஆடாமல் சுற்றுவதற்குக் குழாய்களை எதிரெதிரே ஒரே பாரமாக வைப்பார்கள்.

பரவலாகக் கையாளும் ஒரு முறையில் நிமிடத்துக்கு 2,700 சுற்று வீதம் 12 நிமிடம் சுற்றுவார்கள். பின்னர் வந்த இன்னொரு முறையில் 1,300 சுற்று வீதம் 8 நிமிடம். மெதுவாகச் சுற்றினால் சிறுதட்டுக்களும் வெண்குழியங்களும் அடியில் போய் ஒதுங்காமல் களி முழுவதும் பரவி நிற்கும் என்பதே மாற்றியதற்குக் காரணம். ஆனால் சுற்றின் எண்ணிக்கை மட்டும் போதாது. சேற்றில் ஓடும் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஒரே எண்ணிக்கையில் சுற்றினாலும் சிறிய சில்லை விடப் பெரிய சில்லு சேற்றை அதிக விசையோடு வீசும். அதுபோல இயந்திரத்தின் பருமனைப் பொறுத்து விசை மாறும். தன்னிடம் உள்ள இயந்திரத்துக்கு எந்த வேகம் சரி என்பதை அதில் பயிற்சி பெற்றவரே அறிவார்.

சுற்றி முடிந்ததும் குழாயில் மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் சிவப்பாகச் செங்குழியங்கள். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். நடுவில் இளமஞ்சளாக, நுங்கு போன்ற ஒரு களி. அந்தக் களியே வேண்டிய பொருள். சிறுதட்டுக்கள் அதிகமாக இருப்பது சிவப்பு அடுக்கைத் தொட்டுக் கொண்டிருக்கும் பக்கத்தில். எனவே மெல்லிய சிவப்பு ஓரம் ஒன்றை விட்டு மிகுதிச் செங்குழியத்தை நீக்குவார்கள். பின்னர் துளைகள் உள்ள உலோகத் தட்டில் களியை வைத்து மேலே மெல்லிய பாரம் கொடுத்தால் நீர் வடிந்து ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பான சவ்வாக வரும். அதனை ஊசி நூல் போட்டுத் தைக்கவும் முடியும்.

இவையனைத்தும் நீங்கள் கதிரையில் இருக்கும் போதே நடக்கும். விறைப்பு ஊசி போட்டு, முரசை மெல்ல விலக்கி, வேரில் ஒட்டியுள்ள காரையையும் பழுதடைந்த தசையையும் சுத்தமாக அகற்றிய பின்னர், எலும்புப் பள்ளத்தினுள் களியை வைத்து, மேலே சவ்வைப் போர்த்தி, முரசைத் திரும்ப மூடித் தைப்பார்கள். சில இடங்களில் எலும்புத் துகளோடு கலந்தும் வைப்பார்கள். உள்ளே வைத்த பைபிரின் மெல்லக் கரைந்து, வளர்ச்சிக் காரணிகளை ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாக விட்டுக் கொண்டிருக்கும்.

எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் கிணறு போல ஆழமாக எலும்பு கரைந்திருந்தால், முரசை விலக்கிச் சுத்தம் செய்வதோடு இதனையும் சேர்த்து வைக்கும்போது, சுத்தம் மட்டும் செய்வதை விடப் பள்ளம் கூடுதலாக நிரம்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கும், கடைவாய் ஞானப் பல்லை எடுத்த பின் வரும் வலியைக் குறைப்பதற்கும் இது துணை செய்கின்றது.

முரசு கீழிறங்கி வேர் வெளியே தெரிவதை மூடுவதற்கும் இதனைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அதற்கு மேலண்ணத்தில் இருந்து சிறிது தசை எடுத்து ஒட்டும் பழைய முறையே இன்றும் அதிகம் நம்பத் தகுந்தது. பி.ஆர்.எப். வைத்தால் மேலண்ணத்தில் இரண்டாவது காயம் வராது என்பது அதன் நன்மை.

வாய் முழுவதும் எலும்பு மட்டமாகத் தேய்ந்து போயிருந்தால் இதனால் பழையபடி உயர்த்த முடியாது. எல்லாப் பக்கமும் ஆடி, மேலும் கீழும் அசையும் பல்லை இது இறுக்கித் தராது. செல் துண்டு பட்டுத் தாடையில் பெரிய பகுதி போனவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்களுக்குத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரின் சிகிச்சை வேண்டும். அங்கே இது ஒரு துணையாக மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். காரையை அகற்றாமல், கிருமி இருக்கும் இடத்தில் இதனை வைத்தால் ஒரு பயனும் இல்லை. களை பிடுங்காத நிலத்தில் நல்ல விதை போட்டது போலாகும். முறையான வைத்தியர் முதலில் பற்களைச் சுத்தம் செய்வார், எப்படித் துலக்குவது என்று காட்டித் தருவார், சில வாரங்கள் கழித்துத் திரும்ப அளந்து பார்ப்பார். பலருக்கு அந்தச் சுத்தத்தோடு மட்டுமே முரசு இறுகிவிடும். அதன் பின்னும் ஆழமான பள்ளம் மிஞ்சியிருந்தால் மட்டுமே சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு வர வேண்டும். முதல் நாளே "இரத்தம் எடுத்து வைப்போம்" என்று சொல்பவரிடம் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம்.

இரத்தம் எடுக்கப் பயமாக இருந்தால்

"எனக்கே இரத்தம் காணாது, இதில் இன்னும் எடுப்பதா?" என்று நினைப்பது இயல்பு. நான்கு குழாய் எடுத்தாலும் 40 மில்லிலீற்றர் அளவுதான். அது மூன்று மேசைக்கரண்டி கூட இல்லை. இரத்ததானம் செய்பவர்கள் ஒரு தடவையில் 350 முதல் 450 மில்லிலீற்றர் வரை கொடுக்கின்றார்கள். ஆயினும் இரத்தசோகைக்கு மருந்து எடுப்பவர்கள் அதனை வைத்தியரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

வேறொருவரின் இரத்தம் உடலில் ஏறுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. எடுப்பதும் வைப்பதும் உங்கள் இரத்தமே. ஆனால் ஒரே நேரத்தில் இன்னொருவருக்கும் செய்கின்ற இடமாக இருந்தால், குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுகின்றதா என்று பாருங்கள். ஊசி உங்கள் கண் முன்னே புதிய உறையில் இருந்து எடுக்கப்பட வேண்டும்.

இன்னொரு பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். எங்களில் பலர் காணக்கூடாத இடங்களில், காணக்கூடாத விதமாக இரத்தத்தைக் கண்டவர்கள். சிவப்புக் குழாய்களை வரிசையாகக் காண்பதும், இயந்திரம் இரைந்து சுற்றும் சத்தமும், மல்லாந்து படுத்திருக்கும் போது முகத்துக்கு மேலே வெளிச்சம் அடிப்பதும் பழைய நாட்களை எழுப்பி விடலாம். நெஞ்சு படபடக்கும், கை கால் குளிரும், எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். இது பலவீனம் அல்ல. முன்கூட்டியே வைத்தியரிடமோ தாதியிடமோ, "எனக்கு இரத்தத்தைக் காண இயலாது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணத்தை விபரிக்க வேண்டியதில்லை. குழாய்களை உங்கள் கண்ணில் படாமல் வைக்கலாம். இயந்திரத்தை இயக்குவதற்கு முன் சொல்லிவிட்டு இயக்கலாம். சகோதரியோ மகளோ அருகில் நின்று கையைப் பிடித்துக் கொள்ளலாம். இடையில் நிறுத்த வேண்டுமானால் கையை உயர்த்துவது என்று முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளலாம். அன்று முடியவில்லை என்றால் இன்னொரு நாள் செய்யலாம். முரசுச் சத்திரசிகிச்சை அன்றே செய்து முடிக்க வேண்டிய அவசர காரியம் அல்ல.

முன்பே சொல்ல வேண்டியவை

கீழ்க்காண்பவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியருக்குத் தெரிவியுங்கள்:

நீரிழிவு. கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது.

இருதய நோய்க்கு அஸ்பிரின், வார்பரின் போன்ற மருந்துகளை எடுத்தல். நீங்களாக அவற்றை நிறுத்தவே கூடாது. இரண்டு வைத்தியர்களும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

அண்மையில் டெங்கு வந்திருத்தல், அல்லது சிறுதட்டு எண்ணிக்கை குறைவு என்று எப்போதாவது சொல்லப்பட்டிருத்தல்.

எலும்பு தேய்வுக்கு அல்லது புற்றுநோய்க்கு மருந்தோ ஊசியோ எடுத்திருத்தல். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

முகத்திலோ கழுத்திலோ செல் துண்டு இருத்தல். எக்ஸ்ரே எடுக்கும்போது அது தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கர்ப்பமாக இருத்தல். பற்களைச் சுத்தம் செய்வது கர்ப்ப காலத்திலும் செய்யக் கூடியதே. இவ்வாறான சத்திரசிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக் கொள்ளலாம்.

செலவும் கேள்விகளும்

சொந்த இரத்தத்துக்கு விலை இல்லை. ஆயினும் இயந்திரம், குழாய்கள், வைத்தியரின் நேரம் எல்லாவற்றுக்குமாகத் தனியார் இடங்களில் கணிசமான தொகை அறவிடப்படும். நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ இதற்குப் போவதற்கு முன்னர், அரசாங்க வைத்தியசாலையின் பற் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். காரை அகற்றுவது அங்கு இலவசம். அங்கிருந்து தேவைப்பட்டால் விசேட பல் வைத்தியருக்குக் கடிதம் தருவார்கள். கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும், பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட சிகிச்சை எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதை விசேட வைத்தியரிடமே கேட்டு அறிய வேண்டும்.

எங்கே சென்றாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனாலும் நல்லது.

"டொக்டர், எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீற்றர் பள்ளம் இருக்குது?"

"முதலில் சுத்தம் மட்டும் செய்து பார்த்தால் போதாதா?"

"இதை வைக்காமல் சத்திரசிகிச்சை மட்டும் செய்தால் எவ்வளவு வித்தியாசம் வரும்?"

"எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? திரும்ப எத்தனை தரம் வர வேணும்?"

"இந்தப் பல்லைக் காப்பாற்ற ஏலுமா, அல்லது எடுக்கிறதுதான் நல்லதா?"

நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்குவார். மறுபக்கம், ஆடுகின்றது என்று சொன்னவுடன் ஆராயாமல் பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பதும் வேண்டாம். காப்பாற்றக் கூடிய பற்களும் இருக்கும்.

சிகிச்சைக்குப் பின்

செய்த நாளில் சூடான தேநீரையும் காரமான கறியையும் தவிர்க்க வேண்டும். கஞ்சி, நன்றாகக் குழைத்த சோறு, இடியப்பம், சொதி போன்ற மென்மையான உணவு போதும். மற்றப் பக்கத்தால் மெல்லுங்கள். அடிக்கடி துப்புவதும், வாயைப் பலமாகக் கொப்பளிப்பதும் உள்ளே வைத்ததை அசைத்துவிடும். தையல் போட்ட இடத்தில் வைத்தியர் சொல்லும் வரை பற்தூரிகை படக்கூடாது. அதற்குப் பதிலாகத் தரும் கொப்பளிக்கும் மருந்தை மெதுவாக வாயில் வைத்திருந்து வெளியேற்றுங்கள். மற்றப் பற்களை வழமை போலத் துலக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை எதுவும் கூடாது. ஓரிரண்டு நாள் சிறிது வீக்கமும் நோவும் இருக்கலாம். மூன்று நாளைக்குப் பின்னும் வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், இரத்தம் நிற்காமல் வடிந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

எலும்பு ஆறியதா என்பதை அறியப் பல மாதங்கள் ஆகும். ஆறு மாதத்துக்குப் பின் திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். இடையில் சுத்தத்துக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். போகாமல் விட்டால் அதே இடத்தில் காரை திரும்பப் பிடித்து, செய்ததெல்லாம் வீணாகும்.

இன்றைக்கே தொடங்கக் கூடியவை

காலையிலும் இரவு படுக்கும் முன்னும் மென்மையான பற்தூரிகையால், புளோரைட் சேர்ந்த பற்பசையிட்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். தூரிகையைப் பல்லும் முரசும் சேரும் இடத்தில் சிறிது சாய்த்துப் பிடித்து மெதுவாக அசைக்க வேண்டும். செங்கட்டித் தூள், உமிக்கரி, மணல் என்பன பல்லையும் முரசையும் தேய்த்துவிடும். முரசில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்துவது பலருடைய வழக்கம். அப்படி விட்டால் நோய் இன்னும் கூடும். மெதுவாகத் துலக்கிக் கொண்டு பல் வைத்தியரிடம் போங்கள். புகையிலை பாவிப்பவர்களுக்கு நோய் இருந்தும் இரத்தம் வராமல் மறைந்திருக்கலாம். அவர்கள் இரத்தம் வரும் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் உணவு கொடுத்த பிறகு மிஞ்சியதை உண்பது போல, வைத்தியத்திலும் எங்கள் முறையைக் கடைசிக்குத் தள்ளிப் பழகிவிட்டோம். பிள்ளையின் பல்லுக்கு ஓடுகின்றோம். எங்கள் பல் ஆடினால் "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டு விடுகின்றோம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பல் விழுவது வயதின் காரியம் அல்ல. அது பார்க்கக் கூடிய நோய். பற்கள் போனால் மெல்ல முடியாமல் சத்துள்ள உணவு குறையும், பேச்சு குழறும், நாலு பேர் முன்னால் சிரிக்கவும் கூச்சம் வரும்.

இம்மாதம் பிள்ளைகளின் கிளினிக்குக்கோ உங்கள் சீனி கிளினிக்குக்கோ வைத்தியசாலைக்குப் போகும் நாளில், பற் சிகிச்சைப் பிரிவில் ஒரு துண்டு எடுத்து, "என்ர முரசையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள். இரத்தத்தைச் சுற்றி எடுக்கும் சிகிச்சை உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டாலும், என்ன செய்கின்றார்கள் என்பதை அறிந்து கொண்டு சம்மதிப்பீர்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.